ஆடில்டு: மனநோயா, மக்கா, கூமுட்டையா?

மலைக்கோட்டை டீச்சர் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். ஆங்கிலச் சொல் ஒன்றைப் பற்றிய சந்தேகம். ஏ, இரண்டு டி, எல், இ, டி. ஆடில்டு என்றுதான் உச்சரிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், தப்பென்றால் சொல்லுங்கள்.

என் வகுப்புப் பெண் ஒருத்தி காலைப் பிரேயரில் எடிசன் கதை சொல்லப் போகிறாள். உங்களுக்கும் வாட்ஸ்அப்பில் வந்திருக்கும். சின்னப் பையன் எடிசன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் கொண்டுவருகிறான், அம்மா அதைப் பிரித்துப் படித்துவிட்டு, "உங்கள் மகன் மேதை, அவனுக்குச் சொல்லிக்கொடுக்கிற அளவுக்கு எங்களிடம் ஆசிரியர்கள் இல்லை, நீங்களே கற்றுக்கொடுங்கள்" என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறார், பல வருஷம் கழித்து அம்மா இறந்த பிறகு அந்தக் கடிதம் எடிசன் கையில் கிடைக்கிறது, பார்த்தால் உள்ளே எழுதியிருந்தது வேறு. அந்த வேறு என்ன என்பதில்தான் என் சிக்கல். தமிழில் வந்த ஒரு ஃபார்வர்டில் "மூளை வளர்ச்சி இல்லாதவன்" என்று இருக்கிறது, இன்னொன்றில் "மனநோயாளி". ஆங்கிலத்தில் சுற்றுவதைத் தேடி எடுத்தால் அங்கே இருப்பது இந்த ஆடில்டு, பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் மனநோய் என்று யாரோ விளக்கமும் போட்டிருக்கிறார்கள்.

அகராதியில் "குழம்பிய" என்றும் "அழுகிய" என்றும் அடுத்தடுத்து இருக்கிறது. குழப்பத்துக்கும் அழுகலுக்கும் என்ன சம்பந்தம்? வெறுமனே குழப்பம் என்றால் கன்ஃப்யூஸ்டு என்றே எழுதியிருக்கலாமே, அதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? மேடையில் அந்தப் பெண் தமிழில் என்ன சொல்வது? மனநோயாளி என்பதைத் திட்டு மாதிரி பிள்ளைகள் முன்னால் சொல்லவைக்க எனக்கு இஷ்டமில்லை.

நாட்டுக்கோழி எழுதியது:

டீச்சர், "அழுகிய" என்பதிலிருந்து ஆரம்பியுங்கள், மற்றது தானாக விளங்கும். ஆடில் என்ற சொல் மண்டைக்கு வருவதற்கு முன்னால் முட்டையில் இருந்தது. கோழியை அடை வைத்தால் 21 நாளில் குஞ்சு வர வேண்டும், இல்லையா. கரு கூடாத முட்டையும் சரி, கரு கூடிப் பாதியில் செத்த முட்டையும் சரி, அத்தனை நாள் சூட்டில் கிடந்து உள்ளே கூழாகிவிடும். கையில் எடுத்து ஆட்டினால் களக் களக்கென்று கேட்கும். ஓட்டைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நல்ல முட்டை மாதிரியே இருக்கும், உடைத்தவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவான். இதற்கு நம் ஊரில் என்ன பெயர்? கூழ்முட்டை, வாயில் வருவது கூமுட்டை. ஆங்கிலத்தில் அதேதான் ஆடில்டு எக்.

பழைய ஆங்கிலத்தில் அடெலா என்றால் சேறு, சாக்கடைத் தண்ணீர், மூத்திரம், அந்த வகை. 13ஆம் நூற்றாண்டிலேயே அதை முட்டையோடு சேர்த்து எழுதியிருக்கிறார்கள். இதற்குப் பின்னால் ஒரு கூத்து உண்டு. பொரிக்காத முட்டையைக் கிரேக்கர்கள் காற்று முட்டை என்பார்கள், சேவலே இல்லாமல் காற்று பட்டுக் கோழி சினையாகி இட்டது என்று ஒரு நம்பிக்கை. காற்றுக்குரியது என்பதற்கு அவர்கள் சொல் ஊரியோன், மூத்திரத்துக்கும் கிட்டத்தட்ட அதே ஒலியில் ஒரு சொல். லத்தீனில் பெயர்த்தவர்கள் இரண்டையும் ஒன்றாக்கி மூத்திர முட்டை என்று எழுதிவிட்டார்கள், அதைப் பார்த்து ஆங்கிலத்திலும் அப்படியே போட்டார்கள். வாட்ஸ்அப் வருவதற்கு முன்பே தப்பான மொழிபெயர்ப்புகள் நன்றாகத்தான் ஓடியிருக்கின்றன.

முட்டையிலிருந்து மண்டைக்கு ஏறியது 16ஆம் நூற்றாண்டின் கடைசி வாக்கில். ஷேக்ஸ்பியரின் ரோமியோ ஜூலியட்டில் மூன்றாம் அங்கம் ஆரம்பிக்கிற இடத்தில் மெர்குஷியோ தன் நண்பன் பென்வோலியோவை ஓட்டுகிறான்: முட்டைக்குள் கரு நிறைந்திருப்பது போல உன் தலைக்குள் சண்டை நிறைந்திருக்கிறது, சண்டைக்குப் போய்ப் போய் அடி வாங்கியே உன் தலை கூமுட்டை ஆகிவிட்டது, ஏறக்குறைய இப்படி. வினைச்சொல்லாக ஆனது அதற்கும் பிறகு, 18ஆம் நூற்றாண்டில்.

ஆக, உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: கூமுட்டை. மேடையில் தைரியமாகச் சொல்லலாம், பிள்ளைகளுக்கும் உடனே புரியும்.

வெட்டி ஆபீசர் எழுதியது:

தலைப்பை அவசரத்தில் அடல்ட் என்று படித்துவிட்டு உள்ளே வந்தேன். வந்தது வீண் போகவில்லை, கூமுட்டைக்கு இத்தனை பெரிய வம்சாவளி இருக்கிறது என்று இன்றுதான் தெரியும். ஒரு சந்தேகம்: கடையில் வாங்கி உடைத்துப் பார்த்தால் நாறுகிற முட்டையையும் ஆடில்டு எக் என்று சொல்லலாமா?

பிழைதிருத்தி எழுதியது:

ஆபீசர் சார், அதை ராட்டன் எக் அல்லது பேட் எக் என்பார்கள், ஆடில்டு என்றால் காதில் அடைமுட்டை வாடை அடிக்கும். பேட் எக் என்று ஆளைச் சொன்னால் அவன் அயோக்கியன், எக்ஹெட் என்றால் ரொம்பப் படித்தவன், 1952 அமெரிக்க அதிபர் தேர்தலில் வேட்பாளராக நின்ற அட்லாய் ஸ்டீவன்சனைச் சுற்றித்தான் அந்தக் கேலி பிரபலமானது. முட்டையை வைத்து அவர்கள் எல்லா வகை மனிதர்களையும் செய்துவிட்டார்கள், நாம் மார்க் மட்டும் போட்டோம்.

சரி, டீச்சர் கேட்ட வித்தியாசத்துக்கு வருகிறேன். நாட்டுக்கோழி சொன்ன வரலாறு சரி, முடிவில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. நாம் ஒருவனைக் கூமுட்டை என்றால் அவன் மக்கு, அடிப்படையிலேயே மக்கு, நாளைக்கும் மக்கு. இன்றைய ஆங்கிலத்தில் ஆடில்டு அப்படி வருவதில்லை. ஒழுங்காக இருந்த மூளைக்கு ஏதோ நேர்ந்து அது கலங்கிப் போயிருக்கிறது என்கிற பொருள்தான் அதில் முன்னால் நிற்கும். அதனால்தான் பெரும்பாலும் காரணத்தையும் கூடவே ஒட்டி எழுதுகிறார்கள்: டிரக்-ஆடில்டு என்று போதையில் சீரழிந்தவர்களைப் பத்திரிகைகள் எழுதும், பூஸ்-ஆடில்டு என்றால் சாராயம், தூக்கமில்லாமல் வெயிலில் அலைந்து திரிந்தவன் வெயிலே என் மூளையை ஆடில் பண்ணிவிட்டது என்பான். ஆடில்-ஹெடட், ஆடில்-பேட்டட் என்று பழைய வசவுகளும் உண்டு, அவைதான் நம் கூமுட்டைக்குக் கிட்டத்தில் வரும், இப்போது நாவல்களுக்கு வெளியே அதிகம் காதில் விழாது.

கன்ஃப்யூஸ்டு பொதுச் சொல், யாருக்கும் எப்போதும் பொருந்தும், குற்றம் ஒன்றும் இல்லை. எந்த பஸ்ஸில் ஏறுவது என்று தெரியாமல் நிற்கிறவரும் கன்ஃப்யூஸ்டுதான். பாஃபில்டு, பெர்ப்ளெக்ஸ்டு இரண்டும் எதிர்த் திசை: மூளை தெளிவாக இருக்கிறது, முன்னால் இருக்கிற விஷயம் பிடிபடவில்லை. கெட்டிக்காரத் துப்பறிவாளரும் ஒரு வழக்கில் பாஃபில்டு ஆகலாம், அவரைப் போய் ஆடில்டு என்று எழுதினால் வழக்குப் போடுவார்.

மடில்டு என்பதைத்தான் நீங்கள் அதிகம் பார்ப்பீர்கள், பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் அதுதான் உபயோகம். மட், சேறு. தண்ணீரைக் கலக்கிச் சேறாக்குவதிலிருந்து வந்த சொல், நாம் குழம்பிய குட்டை என்கிறோமே அந்தக் குழம்பல். ஆளை மட்டும் இல்லாமல் விளக்கம், கணக்கு, திட்டம், வாதம் என்று எதையும் மடில்டு எனலாம். ஆடில்டு விளக்கம் என்று எழுதுவதில்லை. விளக்கம் மடில்டு, விளக்கியவர் வேண்டுமானால் ஆடில்டு. (மதுக்கடையில் புதினா இலையைக் குவளைக்குள் போட்டு நசுக்குவதையும் மடில் பண்ணுவது என்றே சொல்கிறார்கள். அதைப் பிரேயரில் சொல்ல வேண்டாம்.) பிஃபடில்டு என்று ஒன்று இருக்கிறது, ஃபடில் என்றாலே குடித்து மயங்குவது, இப்போது குடிக்காதவரும் புது போனைக் கையில் கொடுத்தால் பிஃபடில்டு ஆகலாம். வுல்லி பிரிட்டிஷ்காரர்கள் அரசியல்வாதிகளுக்கென்றே வைத்திருப்பது, பேச்சு நீளமாக இருக்கும், எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று கம்பளி மாதிரி விளிம்பே தெரியாது.

ஒரு எச்சரிக்கை. ஆடில்டில் எப்போதும் கொஞ்சம் ஏளனம் கலந்திருக்கிறது. உங்களைப் பற்றி நீங்களே சொன்னால் வேடிக்கை, அடுத்தவரைச் சொன்னால் குத்தல். பாடம் புரியவில்லை என்பதற்கு மாணவி எழுந்து ஐ ஆம் ஆடில்டு என்றால் ஆங்கில டீச்சர் சிரித்துவிடுவார். உச்சரிப்பு நீங்கள் எழுதியதுதான், முதல் எழுத்து ஆப்பிளில் வருகிற அதே ஒலி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு யாராவது அகராதியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் பக்கம், ஆடில் என்றால் சம்பாதிப்பது. எழுத்து ஒன்று, வேர் வேறு, அது பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட வேண்டாம்.

தேதி பார்ப்பவன் எழுதியது:

சொல் ஆராய்ச்சி எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தக் கடிதமே கிடையாது, அதை யாரும் சொல்லவில்லையே?

எடிசன் பிறந்தது 1847. குடும்பம் மிச்சிகனில் உள்ள போர்ட் ஹ்யூரனுக்குக் குடிபோனபின் ஏழெட்டு வயதில் சில மாதங்கள் பள்ளிக்கூடம் போனார். அங்கே ஆசிரியர், இந்தப் பையன் ஆடில்டு, இவனை வைத்துக்கொள்வதில் பிரயோஜனமில்லை என்று பள்ளியைப் பார்க்க வந்த அதிகாரியிடம் சொன்னதைத் தானே காதால் கேட்டதாகவும், அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னதாகவும் எடிசனே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அம்மா நான்சி கடிதத்தைப் படித்து மாற்றிச் சொல்லவெல்லாம் இல்லை. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய், உன்னைவிட என் பையனுக்கு மூளை அதிகம் என்று அந்த ஆசிரியரிடம் சண்டை போட்டுவிட்டு, பையனைக் கூட்டிக்கொண்டு வந்து வீட்டிலேயே படிப்பித்தார். அவரும் முன்பு ஆசிரியையாக இருந்தவர்தான்.

இப்போது தேதியைப் பாருங்கள். நான்சி இறந்தது 1871இல். அப்போது எடிசனுக்கு 24 வயது, தந்திக் கருவிகள் செய்துகொண்டிருந்த இளைஞர், அந்தத் தொழிலுக்கு வெளியே அவரைத் தெரிந்தவர்கள் குறைவு. ஃபோனோகிராஃப் 1877, மின்விளக்கு 1879. "உலகப் புகழ் பெற்ற பிறகு ஒரு நாள் அலமாரியைக் குடைந்தபோது" என்று உருகி உருகி எழுதுகிறார்களே, ஆடில்டு என்று சொன்னது எடிசனுக்குச் சின்ன வயதிலேயே தெரியும், அதைக் கண்டுபிடிக்க அலமாரி எதற்கு?

அந்த ஆசிரியர் மருத்துவச் சான்றிதழ் எழுதித் தரவில்லை. வகுப்பில் கவனிக்காத, ஓயாமல் கேள்வி கேட்கிற பையனைப் பார்த்து எரிச்சலில் சொன்ன சொல். 1850களில் ஓர் அமெரிக்க வாத்தியார் வாயில் அது நம் வாத்தியார்கள் வாயில் வருகிற கூமுட்டைதான். பிழைதிருத்தி இன்றைய பொருளைச் சொல்கிறார், சரி, ஆனால் இந்த இடத்துக்கு நான் நாட்டுக்கோழி பக்கம்.

அன்னக்கிளி எழுதியது:

தேதி பார்ப்பவரே, கதை பொய்யாகவே இருக்கட்டும். ஒரு பிள்ளை கேட்டு நம்பிக்கை வந்து படித்தால் உங்களுக்கு என்ன நஷ்டம்? எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு என்ன மிஞ்சும்?

தேதி பார்ப்பவன் எழுதியது:

அம்மா மிஞ்சுவார். எனக்கென்னவோ பொய்க்கதையில் வருகிற அம்மாவைவிட நிஜ அம்மாவைத்தான் பிடித்திருக்கிறது. அவர் மறைக்கவில்லை, வாத்தியாரிடமே போய்க் கேட்டார். டீச்சர்கள் நடத்துகிற பிரேயரில் இந்தக் கதையைச் சொல்ல முடியுமா என்பது வேறு கேள்வி.

இரவுப்பணி எழுதியது:

நான் நர்ஸ். மனநோய் என்ற சொல் மேலே வந்ததால் இதை எழுதுகிறேன், தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகினால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் யாரும் கேஸ் ஷீட்டில் ஆடில்டு என்று எழுத மாட்டார்கள், அது நோயின் பெயரே இல்லை. எழுதுகிற சொல் டெலிரியம். நேற்று வரை நன்றாகப் பேசிக்கொண்டிருந்த வயதானவர் இன்று திடீரென்று மகனையே யார் என்று கேட்பார், இல்லாத ஆளோடு பேசுவார், காலையில் தெளிவாக இருந்துவிட்டு ராத்திரி மறுபடி ஆரம்பிப்பார். சிலர் இதற்கு நேர்மாறாக ஒரேயடியாக மந்தமாகி, கூப்பிட்டால்கூடத் திரும்பாமல் படுத்துக் கிடப்பார்கள், தூங்குகிறார் என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, ரத்தத்தில் சோடியம் இறங்குவது, சர்க்கரை இறங்குவது, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, ஆபரேஷன், இப்படி ஏதோ ஒன்று பின்னால் இருக்கும். காரணத்தைக் கண்டுபிடித்துச் சரி செய்தால் பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவார்கள். டிமென்ஷியா என்கிற மறதி நோய் இதற்கு வேறு, அது மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெதுவாக வருவது, ஆனால் டிமென்ஷியா இருப்பவருக்கு டெலிரியமும் சேர்ந்து வரலாம், வந்தால் வீட்டில் யாரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

முன்பெல்லாம் காய்ச்சல் அதிகமாகிப் பிதற்றினால் ஜன்னி கண்டுவிட்டது என்று பதறிக்கொண்டு தூக்கி வருவார்கள். இப்போது "வயசாயிடுச்சு, அப்படித்தான் பேசுவார்" என்று நாலைந்து நாள் விட்டுவிட்டு வருகிறார்கள். திடீர் என்பதுதான் கவனிக்க வேண்டிய விஷயம். திடீரென்று பேச்சு மாறினால் அன்றைக்கே காட்டுங்கள்.

பிழைதிருத்தி எழுதியது:

இரவுப்பணி அக்கா, விலகவே இல்லை. டெலிரியத்தின் வேரும் நம் ஆட்களுக்குச் சட்டென்று புரியக்கூடியதுதான். லத்தீனில் லிரா என்றால் உழும்போது விழுகிற வரப்பு, சால். ஏர் அந்தச் சால் தடத்தை விட்டு விலகி ஓடுவதுதான் டெலிராரே. நாட்டுக்கோழிக்குப் பிடிக்கும்.

பனிக்காடு எழுதியது:

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். ஆடில் பழைய சொல், நாவலில்தான் இருக்கிறது என்று மேலே ஒருவர் சொன்னார். முட்டையோடு வருகிற பொருள் இங்கே இன்றும் உயிரோடு இருக்கிறது. பூங்கா, ஏரிக்கரை எங்கும் கனடா வாத்துகள், நடக்க இடம் விடாது, கிட்டே போனால் சீறிக்கொண்டு துரத்தும். எண்ணிக்கையைக் கட்டுப்படுத்த முட்டைகளை ஆடில் பண்ணுகிறார்கள், அதிகாரப்பூர்வமாகவே எக் ஆட்லிங் என்றுதான் பெயர். கூட்டிலிருக்கிற முட்டையை எடுத்து நன்றாகக் குலுக்குவது, அல்லது மேலே சோள எண்ணெய் தடவுவது. எண்ணெய் ஓட்டின் நுண்துளைகளை அடைத்துவிடும், காற்று போகாமல் கரு வளர்வது நின்றுவிடும்.

முட்டையைத் தூக்கிக்கொண்டே போய்விடலாமே என்றால், எடுத்தால் தாய் மறுபடி இட்டுவிடும். அப்படியே வைத்துவிட்டால் பொரிக்கும் என்று நம்பி உட்கார்ந்தே இருக்கும், அதற்குள் பருவம் முடிந்துவிடும். முதலில் தண்ணீரில் போட்டுப் பார்ப்பார்கள், மிதந்தால் உள்ளே குஞ்சு கணிசமாக வளர்ந்துவிட்டது என்று அர்த்தம், அதைத் தொடமாட்டார்கள். அரசு அனுமதி இல்லாமல் எந்த முட்டையிலும் கைவைக்கக் கூடாது, இங்கும் அமெரிக்காவிலும் இடம்பெயரும் பறவைகளுக்குச் சட்டமே இருக்கிறது.

நாட்டுக்கோழி எழுதியது:

எண்ணெய் தடவிக் கூமுட்டை ஆக்குவதா! நாங்கள் ஒரு முட்டையும் கூமுட்டை ஆகிவிடக் கூடாதே என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், ராத்திரியில் முட்டைக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்தால் ஒரு வாரத்தில் ரத்த நரம்பு தெரியும், தெரியாததை எடுத்துவிடுவோம். பிழைதிருத்தி, சால் விஷயம் பிடித்தது.

மலைக்கோட்டை டீச்சர் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம் பேசினேன். கடிதத்தை எடுத்துவிட்டு, அம்மா சண்டை போட்ட கதையைச் சொல்லவே அவளுக்கும் ஆசை. ஆடில்டு என்ற இடத்தில் "இவன் மண்டை வெறும் கூமுட்டை" என்று வாத்தியார் சொல்வதாக வைத்திருக்கிறோம், தமிழாசிரியர் மட்டும் மேடையில் கூமுட்டை வேண்டாம், "மூளை குழம்பியவன்" என்று போடுங்கள் என்கிறார். பிழைதிருத்தி சார், நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பிழைதிருத்தி எழுதியது:

இன்றைய செய்தித்தாளிலிருந்து மொழிபெயர்ப்பதாக இருந்தால் மூளை குழம்பிய, புத்தி பேதலித்த, இந்த மாதிரிதான் போடுவேன். இங்கே பேசுவது கோபத்தில் இருக்கிற ஒரு வாத்தியார். தேதி பார்ப்பவன் சொன்னதை யோசித்துப் பார்த்தேன், கூமுட்டையே இருக்கட்டும். உங்கள் தமிழாசிரியர் விடாப்பிடியாக நின்றால் கூழ்முட்டை என்று ழகரம் போட்டுக் காட்டுங்கள், சம்மதித்துவிடுவார்.